மாத்திரை தொடங்கும் முன்

கேள்வி: தம்பிக்கு எச்.ஐ.வி. உறுதியாகிவிட்டது. மாத்திரை தொடங்கும் முன் டாக்டரிடம் எதையெல்லாம் சொல்ல வேண்டும்?
– ஒரு வாசகி, கோபாலபுரம்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. 2004 ஏப்ரலில் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையில் அரசு இலவசமாகத் தரத் தொடங்கிய சிகிச்சை இது. இன்று பெரும்பாலோருக்குத் தினம் ஒரே மாத்திரைதான். அதிலுள்ள டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அதைக் கண்டறியும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். இருமல், காய்ச்சல், எடைக்குறைவு இருந்தால் மறைக்கவே கூடாது; காசநோயாக இருக்கலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்கு, இதே மாத்திரையிலுள்ள இன்னொரு மருந்தான டோலுடெக்ராவிர் 50 மி.கி. இரண்டு வேளை தேவைப்படும். பலரும் சொல்ல மறப்பது வீட்டு அலமாரி மருந்துகளை: ஜெலுசில் போன்ற அமிலநீக்கிகள், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் டோலுடெக்ராவிரை உடலில் சேரவிடாது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுத்தால் அதையும் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் பி இருப்பவர் இம்மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் கல்லீரல் மோசமாகப் பாதிக்கப்படலாம். சந்தேகம் வந்தால் எய்ட்ஸ் உதவி எண் 1097-ஐ அழையுங்கள், கட்டணம் இல்லை.