ஊழும் ஒப்புரவும்

நாள்தோறும் நம் நாவில் புழங்கும் சொற்களுள் ‘விதி’ என்பதும் ஒன்று. தேர்வில் தோற்ற மாணவர் விதி என்கிறார்; வணிகத்தில் நட்டம் கண்டவர் விதி என்கிறார்; மகளின் திருமணம் தள்ளிப்போன தந்தையும் விதி என்றே பெருமூச்சு விடுகிறார். பழந்தமிழ் இதனை ஊழ், பால், முறை, வினை எனப் பல பெயர்களால் வழங்கியது. மக்கள் வழக்கில் அது தலையெழுத்து ஆயிற்று.

ஊழ் உண்டா, இல்லையா என்பது சமய நூல்களும் தத்துவ நூல்களும் ஆராயும் பெருவினா. அதனுள் இக்கட்டுரை புகவில்லை. அச்சொல்லை நாம் யாரை நோக்கிச் சொல்கிறோம், சொல்லிவிட்டு என்ன செய்கிறோம் என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள். இவ்வினா என்னுள் எழுவதற்கு ஒரு நிகழ்ச்சி காரணமாயிற்று. அதனை முதற்கண் கூறிவிடுகிறேன்.

மருத்துவமனையில் கற்ற பாடம்

பல ஆண்டுகளுக்கு முன் என் தந்தையார் பக்கவாதத்தால் தாக்குண்டு மருத்துவமனையில் பத்து நாள்கள் கிடந்தார். பார்க்க வந்த உறவினர் பலர். வந்தோர், கட்டிலருகே சிறிது நேரம் நிற்பர், “எல்லாம் தலையெழுத்து, யாரால் மாற்ற முடியும்?” என்பர், கொணர்ந்த பழங்களை வைத்துவிட்டுச் செல்வர். அவர்கள் அன்பில் குறை சொல்வதற்கில்லை. ஆயினும், அச்சொல்லைக் கேட்கக் கேட்க என் உடல் மேலும் சோர்ந்ததே தவிர, உள்ளம் தேறவில்லை.

அடுத்த கட்டிலில் ஒரு முதியவர். அவருக்குத் துணையாக இருந்தவர் அவருடைய மனைவி, எழுத்தறியாதவர். மூன்றாம் நாள் இரவு நான் உட்கார்ந்தபடியே உறங்கி விழுவதைக் கண்டு, “நீங்க கொஞ்சம் படுங்க தம்பி. பாட்டில்ல மருந்து தீர்ந்தா நான் எழுப்பறேன். நான் எப்படியும் முழிச்சுத்தானே இருக்கேன்” என்றார். பின் இரவில் சொன்னபடியே எழுப்பினார். அன்று முதல் ஒவ்வோர் இரவும் இரு கட்டில்களுக்கும் அவரே காவல். விதியைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கூறியதில்லை.

ஏழாம் நாள் விடியலில் அவருடைய கணவர் இறந்துபோனார். நான் அவரருகே சென்று நின்றேன். என் வாயில் வந்த சொற்கள் இவைதாம்: “என்ன செய்வது அம்மா, எல்லாம் விதி.” சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றேன். உடலை ஊருக்குக் கொண்டு செல்ல வண்டிக்கு எங்கே போவது, யாரிடம் கேட்பது என்று அறியாமல் அந்த அம்மையார் திகைத்துக்கொண்டிருந்தார். வாயிலில் தேநீர் விற்கும் இளைஞர் ஒருவர்தாம் விசாரித்து, வண்டி பேசி அழைத்து வந்தார். இலக்கியம் கற்ற நான் விதியைச் சொன்னேன். அவ்விளைஞர் வண்டியைக் கொணர்ந்தார். எந்தச் சொல் என்னைச் சோர்வித்ததோ, அதே சொல்லை எனக்காக விழித்திருந்தவரிடமே நான் சொன்னேன் என்னும் வெட்கம் இன்றும் நீங்கவில்லை.

அதன் பின்னரே, ஆண்டுதோறும் வகுப்பில் நடத்திவந்த நூல்களை மீண்டும் எடுத்துப் படித்தேன்.

வள்ளுவர் வகுத்த எல்லை

திருக்குறளின் அறத்துப்பால் 38 அதிகாரங்களை உடையது. அவற்றுள் இறுதி அதிகாரம் ‘ஊழ்’. ஊழினும் வலிமை உடையது வேறில்லை என்று கூறி அவ்வதிகாரம் முடிகிறது. இதனைக் கொண்டு வள்ளுவரை விதிவாதி என்பாரும் உளர். ஆனால் அவ்வதிகாரத்தின் 379ஆம் குறள் எழுப்பும் வினாவை நோக்குக. நன்மை வந்தபோது மகிழ்ந்து ஏற்றவர், தீமை வந்தபோது வருந்துவது ஏன் என்கிறது அக்குறள். தன் இன்பத்தையும் தன் துன்பத்தையும் ஒருவன் ஒரே நிலையில் நின்று ஏற்க வேண்டும் என்பதே அதன் கருத்து. ஆகவே, அது ஒருவன் தனக்குத்தானே கூறிக்கொள்ள வேண்டிய அறிவுரை எனலாம்.

பிறருடைய துன்பத்தைப் பேசும்போது வள்ளுவரின் குரல் முற்றிலும் மாறுகிறது. இரந்துதான் ஒருவன் உயிர்வாழ வேண்டுமாயின், உலகை அவ்வாறு இயற்றியவனே கெடட்டும் என்று 1062ஆம் குறளில் சினந்துரைக்கிறார். ஊழுக்கு ஓர் அதிகாரமே வகுத்த அவர், பசித்தவனிடம் ‘இது உன் ஊழ்’ என்று கூறவில்லை. தன்னை நோக்கும்போது அமைதியும் பிறனை நோக்கும்போது பதைப்பும் கொள்ளும் இவ்விரு நிலைகளுக்கிடையில் முரண் இல்லை.

பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஊர்ந்து செல்பவனையும் காட்டும் 37ஆம் குறளும் இங்குக் கருதத்தக்கது. அறத்தின் பயனை நூல்களால் உணர்த்த வேண்டுவதில்லை, இவ்விருவரிடையே கண்கூடாகக் காணலாம் என்பது பரிமேலழகர் உரை. இவ்விருவரையும் காட்டி ‘அறத்தின் வழி இதுவே’ என்று கூற வேண்டா என்று பொருள் கொள்வாரும் உளர். இரண்டாம் உரையே என் நெஞ்சுக்கு நெருக்கமாகப் படுகிறது. சுமப்பவனின் தோளில் புண்ணைக் கண்டபின், அதற்கு முற்பிறவிக் கணக்குக் கூறுவது எளிது. ஒரு கை கொடுப்பதே அரிது.

மாதரி அளித்த அரிசி

ஊழ்வினை வந்து தன் பயனை ஊட்டியே தீரும் என்பது சிலப்பதிகாரம் உணர்த்தும் மூன்று உண்மைகளுள் ஒன்று. மதுரை எரிந்த பின்னர், மதுராபதித் தெய்வம் தோன்றிக் கோவலனின் முற்பிறவிக் கதையைக் கண்ணகிக்குக் கூறுகிறது. அங்கே ஊழுக்கு விளக்கம் கிடைக்கிறது. ஆனால் அவ்விளக்கம் யாருடைய உயிரையும் மீட்டுத் தரவில்லை.

இதற்கு முன்பே அக்காப்பியத்தில் நிகழ்ந்த வேறொன்றை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். முன்பின் அறியாத அவ்விருவரையும் ஆயர்குல மாதரி தன் அடைக்கலமாக ஏற்றாள். அவர்கள் சாவக நோன்பினர் என்பதை எண்ணி, அவர்கள் முறைப்படி தாமே சமைத்துண்ண ஏற்ற கலங்களை அளிக்கச் செய்தாள். அரிசியும் காயும் கனியும் தந்தனர் அவள் சுற்றத்தார். வந்தவரின் சமயத்தையும் மதித்துச் செய்யப்பட்ட விருந்தோம்பல் இது. இவர்களுக்கு ஊழ் என்ன வைத்திருக்கிறது என்று அவள் ஆராயவில்லை. ஊழ் கோவலனைக் கொண்டுசென்றது உண்மை. அன்று அவன் கண்ணகியின் கையால் உண்டு சென்றதும் உண்மை. அந்த உணவு ஊழை வெல்லவில்லை என்பதால் வீணாயிற்று என்று யார் கூற முடியும்?

பிணை நிற்றல்

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ நம் மாணவர் அறிந்த பகுதி. வேடனிடம் சிக்கிய மான் தன் கன்றை எண்ணி வருந்துகிறது. கன்றுக்குப் பாலூட்டித் திரும்பும் வரை அதற்குப் பிணையாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நிற்கிறார்கள். சென்ற மான் கன்றுடன் திரும்பி வருகிறது. வேடனின் மனமும் மாறுகிறது.

இப்படலத்தைப் பன்முறை நடத்தியிருந்தும் ‘பிணை’ என்னும் சொல்லின் ஆழத்தை நான் பிற்காலத்திலேயே உணர்ந்தேன். பிணை நிற்பவர் துன்புறுவோரின் இடத்தில் தாம் நிற்கிறார். அவருடைய இடர் தீரும் வரை தம் நேரத்தையும் உடலையும் ஈடாக வைக்கிறார். என் தந்தையாரின் கட்டிலருகே விழித்திருந்த அம்மையார் செய்ததும் அதுவே. என் உறக்கத்திற்கு அவர் பிணை நின்றார்.

இத்தகைய உதவிக்குக் கைம்மாறு கருதும் வழக்கமில்லை. ஒப்புரவறிதல் அதிகாரத்தின் முதற்குறள் அதற்கு மழையை உவமையாகக் காட்டுகிறது. இப்பிறவியில் செய்தது மறுபிறவிக்கு உதவும் என்று கணக்கிட்டு அறத்தை விலைபேசும் வணிகன் அல்லன் ஆய் அண்டிரன் என்று, புறநானூற்றின் 134ஆம் பாடலில் முடமோசியார் பாராட்டுகிறார். சான்றோர் சென்ற நெறி என்பதற்காகவே அவன் ஈந்தான் என்பது புலவர் கருத்து. அந்தத் தேநீர்க்கடை இளைஞரும் அந்நெறியில் சென்றவரே. அவர் அப்பாடலைப் படித்திருக்க மாட்டார்.

முடிவுரை

ஊழ் என்னும் கருத்து தன்னளவில் தீயதன்று. தோல்வியில் துவளாமலும் வெற்றியில் செருக்காமலும் இருக்க அது துணை செய்யும். ஆற்றில் செல்லும் தெப்பம்போல் உயிர் முறைவழிச் செல்லும் என்று தெளிந்த கணியன் பூங்குன்றனார், அத்தெளிவினால் பெரியோரை வியத்தலும் சிறியோரை இகழ்தலும் இல்லை என்றார். ஊழை உணர்ந்தவர் அடைந்த பயன் பணிவே, புறக்கணிப்பு அன்று.

அன்பார்ந்த மாணவர்களே, உங்கள் வகுப்பில் ஒருவர் சில நாள்களாக வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் செலுத்த இயலாமையோ, வீட்டில் நோயோ காரணமாக இருக்கலாம். ‘பாவம், அவர் விதி’ என்று கூறிவிட்டுப் பாடத்தைத் தொடர்வது நமக்கு எளிது. அச்சொல் நாவுக்கு வரும்போது, அதனை விழுங்கிவிட்டு அவர் வீட்டுக்குச் செல்லும் வழியைக் கேளுங்கள். சென்றபின் என்ன செய்வது என்பது அங்கேயே தெரியும்.

அந்த அம்மையாரைப் பின்னர் நான் காணவில்லை. அவருடைய ஊரையும் கேட்டு வைக்கவில்லை. அவருக்குச் செலுத்த முடியாத கடனைப் பிறருக்கேனும் செலுத்த முயல்கிறேன். இன்று மருத்துவமனையில் யாரையேனும் காணச் சென்றால், நோயாளியை நலம் வினவியபின், துணையிருப்பவரிடம், “நீங்கள் சாப்பிட்டீர்களா? சற்று உறங்குகிறீர்களா? நான் இருக்கிறேன்” என்று கேட்கிறேன்.