எழுத மறுக்கும் வட்டு: லினக்ஸ் குறிப்பேட்டுப் பிழைகளை ஆராயும் முறை

லினக்ஸில் இயங்கும் கணிப்பொறி ஒன்று, யாதொரு முன்னறிவிப்புமின்றி, கோப்புகளைப் படிக்க இசைந்து, எழுத மட்டும் மறுத்துவிடுவது உண்டு. மதிப்பெண் பட்டியலைச் சேமிக்க முயலும் ஆசிரியரும், அன்றைய மழையளவைப் பதிவு செய்ய முயலும் களப்பணியாளரும், ‘இக்கோப்பு முறைமை படிப்பதற்கு மட்டுமே’ என்று பொருள்படும் செய்தியையே திரும்பத் திரும்பக் காண்பர். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், கேரளப் பள்ளிகளுக்குக் கைட் நிறுவனம் வழங்கும் லினக்ஸ் முதலியவை நம் நாட்டில் பயன்பட்டு வருவதால், இந்நிலையைக் கையாளும் முறையை அறிந்திருத்தல் நம் பணியாளர்க்கு இன்றியமையாததாகும்.

இவ்வேளையில் பலர் செய்யும் முதற்காரியம், கணிப்பொறியை நிறுத்தி மீண்டும் இயக்குவதே. இழப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. எழுத மறுத்தல் நோயன்று. நோய் பரவாமல் தடுக்கும் காப்பு நடவடிக்கையாகும். ஆதலின் முதலில் படியெடுத்தல், அடுத்துக் காரணம் காணல், இறுதியிலேயே பழுது நீக்கல் என்னும் வரிசையைக் கைக்கொள்ள வேண்டும். இப்பாடத்தின் சாரம் இதுவே.

இங்குக் கட்டளைப் பெயர்கள் ஒவ்வோர் ஆங்கில எழுத்தின் ஒலியாகத் தமிழில் தரப்பட்டுள்ளன. எழுத்துக்களுக்கு இடையிலுள்ள சிறு கோடுகளை நீக்கி, ஆங்கிலச் சிறிய எழுத்துக்களில் தட்டச்சு செய்க.

1. குறிப்பேடு என்பது யாது?

கடைக் கணக்கப்பிள்ளை, வரவு செலவை உடனுக்குடன் சிட்டையில் எழுதிவிட்டு, ஓய்வு நேரத்தில் பேரேட்டில் ஏற்றுவது நாம் அறிந்த வழக்கம். பேரேட்டில் எழுதும்போது இடையூறு நேர்ந்தாலும், சிட்டையைப் பார்த்துக் கணக்கை நேர் செய்துவிடலாம். வட்டிலுள்ள குறிப்பேடும் இத்தகையதே. இதனை ஜர்னல் என்பர்.

புதிய கோப்பு ஒன்றைச் சேமிக்கும்போது வட்டில் குறைந்தது மூன்று இடங்கள் மாறவேண்டும்: கோப்பின் பெயர் அமையும் அடைவு, கோப்பின் விவரங்களைத் தாங்கும் ஐநோட், வெற்றிடங்களைக் காட்டும் வரைபடம். முதல் மாற்றம் முடிந்து மற்றவை முடியுமுன் மின்சாரம் நின்றால் இவை ஒன்றோடொன்று முரண்படும். இதனைத் தவிர்க்கவே, எல்லா மாற்றங்களும் முதலில் குறிப்பேட்டில் ஒருசேர எழுதப்பட்டு, முடிவு முத்திரை இடப்பட்டு, அதன் பின்னரே உரிய இடங்களில் ஏற்றப்படுகின்றன. மின்சாரம் திரும்பியதும் முத்திரை பெற்ற பதிவுகள் மீண்டும் ஏற்றப்படும். முத்திரை பெறாதவை தள்ளப்படும்.

இன்று பெரிதும் வழங்கும் எக்ஸ்ட்-4 முறைமையில், இயல்பாகவே 5 நொடிக்கு ஒருமுறை இம்முத்திரை இடப்படுகிறது. வழக்கமான அமைப்பில் கட்டமைப்பு பற்றிய மாற்றங்களே குறிப்பேட்டில் இடம் பெறும். கோப்பின் உள்ளடக்கம் நேரே உரிய இடத்தில் எழுதப்படும். எனவே குறிப்பேடு காப்பது வட்டின் ஒழுங்கை மட்டுமே. அது தரவின் மற்றொரு படியன்று.

1993-ஆம் ஆண்டில் ரெமி கார்டு முதலியோர் உருவாக்கிய எக்ஸ்ட்-2 முறைமையில் குறிப்பேடு இல்லை. மின்தடை நேர்ந்தபோதெல்லாம் வட்டு முழுவதையும் சோதிக்க வேண்டியிருந்தது. ஸ்டீபன் ட்வீடி இதனுடன் குறிப்பேட்டைச் சேர்த்து அமைத்த எக்ஸ்ட்-3, 2001-இல் லினக்ஸ் கெர்னலில் இடம்பெற்றது. எக்ஸ்ட்-4, 2008-இல் நிலையான வடிவம் எய்தியது.

2. வட்டு எழுத மறுப்பது ஏன்?

இரு சந்தர்ப்பங்களில் இது நிகழும். முதலாவது, குறிப்பேட்டில் எழுத முயன்ற கெர்னலுக்கு வட்டிலிருந்து பிழை என்ற மறுமொழி வருதல். அப்போது கெர்னல் குறிப்பேட்டைக் கைவிட்டு, எழுதுவதையே நிறுத்திவிடும். ‘அபார்ட்டிங் ஜர்னல்’ என்னும் செய்தி இதனைக் குறிக்கும்.

இரண்டாவது, கட்டமைப்பில் முரண்பாடு காணப்படுதல். வெற்றிட வரைபடத்தின் கணக்குப் பொருந்தாமை, சரிபார்ப்புத் தொகை மாறுபடுதல் ஆகியன சான்று. அப்போது தொடர்தல், படிக்க மட்டும் அனுமதித்தல், கணிப்பொறியையே நிறுத்துதல் என்னும் மூன்றில் ஒன்றை நிர்வாகி முன்னதாகவே தேர்ந்து வைக்கலாம். டெபியன் வழிவந்த அமைப்புகளில், முதன்மைப் பிரிவுக்கு இரண்டாவது முறையே நிறுவும்போது எழுதி வைக்கப்படுகிறது. ஆனால் குறிப்பேடே கைவிடப்பட்டுவிட்டால், ‘தொடர்க’ என்று அமைத்திருந்தாலும் எழுத இயலாது. சிட்டை கிழிந்த பின்னும் பேரேட்டில் மனம்போல எழுதிச் செல்பவர், நல்ல கணக்கையும் கெடுத்துவிடுவார் அன்றோ?

ஒத்த தோற்றமுடைய வேறு குறைகளும் உண்டு. வட்டு நிரம்பினால் ‘இடமில்லை’ என்றும், உரிமை இல்லையெனில் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்றும் செய்தி வரும். விண்டோஸும் லினக்ஸும் ஒருங்கே உள்ள மடிக்கணினியில், விண்டோஸ் முழுமையாக நிறுத்தப்படாமல் உறக்க நிலையில் விடப்பட்டால், அதற்குரிய என்.டி.எஃப்.எஸ். பிரிவு படிக்க மட்டுமே கிடைக்கும். இவை குறிப்பேட்டுப் பிழைகள் அல்ல.

3. முதற்படி: செய்திகளைக் காத்தல்

முதன்மைப் பிரிவு எழுத மறுக்கும்போது, பிழைச் செய்தியையும் வட்டில் எழுத இயலாது. அச்செய்தி நினைவகத்தில் மட்டுமே நிற்கும். கணிப்பொறியை நிறுத்தியவுடன் மறைந்துபோகும். ஆகவே மறுதொடக்கத்திற்கு முன், ‘டி-எம்-இ-எஸ்-ஜி’ என்னும் கட்டளையால் கெர்னல் செய்திகளை வரவழைத்துப் பார்க்க வேண்டும். கைப்பேசியால் திரையைப் படம் பிடித்துக்கொண்டாலும் போதும்.

எழுத மறுத்த கணத்திற்குச் சற்று முந்திய வரிகளே முக்கியமானவை. ‘ஐ-ஓ எரர்’ என்று வட்டின் பெயரோடு முன்வரிகளில் இருப்பின், குறை வட்டிலோ அதன் பாதையிலோ உள்ளது. அத்தகைய வரி எதுவுமின்றி எக்ஸ்ட்-4 பிழை மட்டும் இருப்பின், கட்டமைப்பு முன்னரே கெட்டிருந்தது எனக் கொள்ளலாம். சில புதிய கெர்னல்களில், வட்டுப்பிரிவுகளின் பட்டியல் ‘எழுதலாம்’ என்றே காட்டவும் கூடும்; எனவே கெர்னல் செய்தியையே சான்றாகக் கொள்க.

4. இரண்டாம் படி: படியெடுத்தல்

படிக்க மட்டும் இசையும் வட்டு, படியெடுக்க இசைகிறது. இவ்வாய்ப்பு நெடுநேரம் நீடிக்கும் என்று எண்ணலாகாது. மீண்டும் பெற இயலாதவற்றை முதலிலும், சிறியவற்றை அடுத்தும், பெரியவற்றை இறுதியிலும் வேறொரு வட்டுக்கு மாற்றுக. செருகிய பென் டிரைவ் தானாக இணையாமற் போகலாம். அதற்குரிய அடைவை வட்டில் உருவாக்க இயலாமையே காரணம். நிர்வாகி உரிமையுடன், ஏற்கெனவே உள்ள ‘எம்-என்-டி’ என்னும் வெற்று அடைவில் அதனை இணைக்கலாம். வட்டிலிருந்து சொடுக்கும் ஒலியோ உரசும் ஒலியோ கேட்டால், உடனே மின்சாரத்தை நிறுத்தித் தரவு மீட்கும் நிபுணரை நாடுக.

5. மூன்றாம் படி: காரணம் காணல்

காரணங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

(அ) ஊடகக் குறை. ‘ஸ்மார்ட்-சி-டி-எல்’ என்னும் கருவி, வட்டு தன்னைப் பற்றித் தானே குறித்து வைத்துள்ள கணக்கைக் காட்டும். சேட்டா வட்டுகளில் 5-ஆம் எண் மாற்றிடம் தரப்பட்ட கூறுகளையும், 197-ஆம் எண் ஐயத்திற்குரிய கூறுகளையும், 198-ஆம் எண் திருத்த இயலாத கூறுகளையும் குறிக்கும். 197 அல்லது 198 சுழியாக இல்லாவிடில் அவ்வட்டை நம்பலாகாது. ‘தேறியது’ என்று மொத்த முடிவு கூறுவதை மட்டும் கண்டு மனநிறைவு கொள்ளுதல் தவறு. களநிலையங்களில் சிறு கணிப்பொறிகளுடன் பயன்படும் நினைவக அட்டைகள் எழுத எழுதத் தேய்வன. அவற்றுள் பெரும்பாலானவை இத்தகைய கணக்கையும் தருவதில்லை.

(ஆ) பாதைக் குறை. சேட்டா கேபிள் தளர்தல், மின்னிணைப்பு ஆடுதல், எஸ்.எம்.பி.எஸ். வலுவிழத்தல், யு.எஸ்.பி. இணைப்பு விட்டு விட்டு அமைதல் ஆகியன இவ்வகையின. 199-ஆம் எண் பாதையில் நேர்ந்த பிழைகளைக் காட்டும். இவ்வெண் ஒருபோதும் குறையாது. எனவே இன்றைய அளவைக் குறித்துக்கொண்டு, கேபிளை மாற்றிய பின் மேலும் ஏறுகிறதா என்று காண்க. ராஸ்பெரி பை போன்ற சிறு கணிப்பொறிகளில் ‘அண்டர்வோல்டேஜ்’ என்னும் செய்தி வருமாயின், மின்வழங்கியை முதலில் மாற்றுக. தொலைவிலுள்ள சேமிப்பகத்தை நம்பி இயங்கும் மெய்நிகர்க் கணிப்பொறியில், வழக்கமான 30 நொடிக் காத்திருப்பைத் தாண்டி மறுமொழி தாமதமானாலும் குறிப்பேடு கைவிடப்படலாம்.

(இ) கட்டமைப்புக் குறை மட்டும். மின்தடை, பழுதுற்ற நினைவகத் துண்டு, எழுதி முடிக்குமுன் ‘முடிந்தது’ என்று பொய்யுரைக்கும் மலிவான யு.எஸ்.பி. மாற்றிகள் ஆகியவற்றால் இது விளையும்.

6. நான்காம் படி: பழுது நீக்கல்

ஊடகக் குறை என்று தெரிந்தால், பழைய வட்டின்மேல் சோதனைக் கருவியை ஏவுதல் கூடாது. அது எஞ்சிய உயிரையும் போக்கிவிடலாம். ‘டி-டி-ரெஸ்க்யூ’ என்னும் நிரலால் வட்டு முழுவதையும் புதிய வட்டுக்குப் படியெடுத்து, அப்படியின்மேல் பழுது நீக்குக. பாதைக் குறையாயின், பாதையைச் சீர்செய்த பின்னரே மேற்செல்க.

பழுது நீக்க, லினக்ஸ் உள்ள பென் டிரைவிலிருந்து கணிப்பொறியைத் தொடங்கி, பழுதுற்ற பிரிவு இணைக்கப்படாமலிருப்பதை உறுதி செய்க. ‘இ-2-எஃப்-எஸ்-சி-கே’ என்னும் கட்டளையை, எழுதாமல் பார்வையிட மட்டும் செய்யும் ‘என்’ என்னும் குறியுடன் முதலில் இயக்குக. அப்போது குறிப்பேடு மீள ஏற்றப்படுவதில்லையாதலால், சில பிழைகள் மிகையாகத் தோன்றலாம். பிழைகள் சிலவாயின் ‘எஃப்’ என்னும் குறியுடன் மீண்டும் இயக்கித் திருத்துக. பல்லாயிரமாயின், முழு வட்டின் படி ஒன்று கைவசம் இருந்தாலன்றித் திருத்த வேண்டா.

கருவி முடியும்போது ஓர் எண்ணைத் திருப்பும். 0 பிழையின்மையையும், 1 பிழை திருத்தப்பட்டதையும், 2 மறுதொடக்கம் வேண்டுமென்பதையும், 4 பிழை எஞ்சியுள்ளதையும், 8 கருவியே இயங்க இயலாமற் போனதையும் குறிக்கும். பல நிலைகள் சேர்ந்தால் இவ்வெண்களின் கூட்டுத்தொகை வரும். முதன்மைக் கட்டமாகிய சூப்பர் பிளாக் கெட்டிருந்தால், 4096 பைட் கட்டங்களையுடைய பிரிவில் வழக்கமாக 32768-ஆம் கட்டத்திலுள்ள அதன் படியை ‘பி’ என்னும் குறியால் பயன்படுத்தலாம். பெயரிழந்த கோப்புகள் ‘லாஸ்ட்+ஃபவுண்ட்’ என்னும் அடைவில் எண்களைப் பெயராகக் கொண்டு கிடைக்கும். அவற்றைத் திறந்து பார்த்தே இனங்காண வேண்டும்.

7. செய்யத் தகாதவை

எழுதும் நிலைக்கு வலிந்து மாற்றுதல், எழுதும் நிலையில் இணைந்துள்ள பிரிவின்மேல் சோதனைக் கருவியை இயக்குதல், செய்தியை அடக்குவதற்காகக் குறிப்பேட்டையே நீக்குதல் ஆகிய மூன்றும் விலக்கத்தக்கன. எக்ஸ்.எஃப்.எஸ். முறைமையில், பதிவேட்டை அழிக்கும் ‘எல்’ என்னும் குறியைக் கடைசி வழியாகவே கொள்க. ஒருமுறை திருத்திய வட்டு சில நாட்களில் மீண்டும் எழுத மறுத்தால், காரணம் இன்னும் களையப்படவில்லை என்பது தெளிவு.

8. வகுப்பறைப் பரிசோதனை

இந்நிலையை யாதொரு தீங்குமின்றி மாணவர்க்குக் காட்டலாம். 64 மெகாபைட் அளவுள்ள வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்கி, ‘எம்-கே-இ-2-எஃப்-எஸ்’ கட்டளையால் அதனுள் எக்ஸ்ட்-4 முறைமையை அமைத்து, பிழை கண்டால் படிக்க மட்டும் என்னும் விருப்பத்துடன் லூப் சாதனமாக இணைக்கவும். அதனுள் சிறு கோப்பு ஒன்றை எழுதி வைக்கவும். பின்பு ‘சிஸ்’ அடைவினுள் எக்ஸ்ட்-4 பகுதியில், அந்த லூப் சாதனத்தின் பெயரில் உள்ள ‘ட்ரிக்கர்_எஃப்எஸ்_எரர்’ என்னும் கோப்பில், நிர்வாகி உரிமையுடன் ஒரு சொல்லை எழுதினால், கெர்னல் பிழை கண்டதாகக் கொண்டு எழுதுவதை நிறுத்தும். சாதனத்தின் பெயரை இருமுறை சரிபார்த்தல் அவசியம்; மெய்யான வட்டின் பெயரை இடலாகாது. முன்னர் எழுதிய கோப்பைப் படிக்க முடிவதையும், புதியதை எழுத முடியாமையையும் மாணவர் நேரிற் காண்பர். இறுதியில் இணைப்பை நீக்கிச் சோதனைக் கருவியை இயக்கி, மீண்டும் இணைத்து எழுதிக் காட்டுக.

பயிற்சி வினாக்கள்

(1) எழுத மறுத்த கணிப்பொறியை உடனே மறுதொடக்கம் செய்வதால் எச்சான்று அழியும்?
(2) 199-ஆம் எண் மட்டும் ஏறி வருகிறது. 197-உம் 198-உம் சுழியாக உள்ளன. முதலில் எதனை மாற்றுவீர்?
(3) சோதனைக் கருவி 5 என்னும் எண்ணைத் திருப்பியது. அதன் பொருள் யாது?
(4) குறிப்பேடு உள்ள வட்டுக்கும் தனியே படி வைத்தல் ஏன் அவசியம்?

நான்காம் வினாவுக்கு விடை எழுதிய நாளிலேயே, தம் பொறுப்பிலுள்ள பதிவுகளுக்கு வேறொரு வட்டில் படி உள்ளதா என்பதை ஒவ்வொருவரும் ஒருமுறை திறந்து பார்ப்பது நலம்.