இருநூற்றெழுபது புள்ளித் தெம்பு

அல்சூர் ஏரியை ஒட்டி மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படைப்பிரிவின் மையம் உள்ளது. 1780-ஆம் ஆண்டில் தோன்றிய அப்படையின் வீரர்களை இந்திய இராணுவத்தில் 'தம்பி' என்றே அழைப்பர். நம் உறவுமுறைச் சொல் ஒரு படைக்கே பெயராகி நிற்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. நெடுந்தொலைவு நடந்து செல்லும் படைகளுக்குப் பழைய விதி ஒன்று உண்டு. ஐம்பது நிமிடம் நடந்தால் பத்து நிமிடம் நிற்க வேண்டும். களைத்தபின் நிற்பதன்று, களைப்பு வருமுன்பே நிற்பது. காலில் வலுவிருக்கும்போது எதற்காக நிற்க வேண்டும் என்று புதியவர்க்குத் தோன்றும். பத்தாவது மைலில் விடை கிடைக்கும்.

மாணவர்களே, இதே சிக்கலை நீங்கள் கணினித் திரையிலும் சந்திக்கிறீர்கள். பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில் திரையின் ஓரத்தில் ஒரு பட்டை தெரியும். ஓடினாலும் வெட்டினாலும் அது குறையும். அதனை 'ஸ்டாமினா' என்றும் 'எனர்ஜி' என்றும் குறிப்பிடுவர். தமிழில் அதற்குத் 'தெம்பு' என்னும் அழகான சொல் உண்டு. காய்ச்சலில் படுத்து எழுந்த பிள்ளையிடம் பாட்டி, "இப்போது உடம்பில் தெம்பு வந்ததா?" என்று கேட்பாரே, அதே தெம்புதான்.

'ஸ்டார்டியூ வேலி' என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். எரிக் பரோன் என்னும் அமெரிக்கர் தனியொருவராகப் பல ஆண்டுகள் உழைத்து 2016-ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டார். நகரத்து வேலையில் சலிப்புற்ற ஒருவர், தாத்தா விட்டுச்சென்ற நிலத்திற்குத் திரும்பிப் பயிர் செய்வதே கதை. தருமபுரியிலிருந்தும் வேலூரிலிருந்தும் பெங்களூருக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இக்கதை தலைகீழான பயணமாகத் தோன்றலாம்.

முதல் நாள் காலை ஆறு மணிக்கு உங்கள் தெம்பு 270 புள்ளி. கையிருப்பு 500 பொன். நிலம் முழுவதும் கல்லும் களையும் மரமுமாய்க் கிடக்கும். புதியவர் பெரும்பாலும் கோடாரியைத் தூக்கிக்கொண்டு அனைத்தையும் ஒரே நாளில் அகற்றப் புறப்படுவார். கோடாரியின் ஒவ்வொரு வெட்டும் 2 புள்ளியைக் குறைக்கும். மரம் சாயப் பத்து வெட்டு, அடிக்கட்டையை அகற்ற மேலும் ஐந்து. ஆகவே ஒரு மரத்தின் விலை 30 புள்ளி. ஒன்பதாவது மரத்துடன் 270-உம் தீர்ந்தது. விதை ஊன்றவோ நீர் ஊற்றவோ எதுவும் மிஞ்சாது. தெம்பு முற்றும் வற்றினால் பாத்திரம் தள்ளாடி நடக்கும். மறுநாள் காலை பாதித் தெம்புடனேயே எழும். ஒருநாள் மிகை இவ்வாறு இரு நாள்களைத் தின்றுவிடும்.

தேர்ந்தவர் முதலில் செலவுக் கணக்கைப் பார்ப்பார். மண்வெட்டியால் ஒரு கட்டத்தைக் கொத்த 2 புள்ளி. பூவாளியால் ஒரு கட்டத்திற்கு நீர் ஊற்ற 2 புள்ளி. தூண்டிலை ஒருமுறை வீச 8 புள்ளி. அரிவாளுக்கும் வாளுக்கும் செலவே இல்லை. ஆதலால் புல் அறுப்பதையும் சுரங்கத்தில் பூச்சிகளோடு போரிடுவதையும் தெம்பு குறைந்த வேளைக்கு ஒதுக்கி வைக்கலாம். விளைந்ததைப் பறிப்பதற்கும் செலவில்லை.

அடுத்து வரவுக் கணக்கு. வெள்ளை முள்ளங்கியைப் போன்ற 'பார்ஸ்னிப்' கிழங்கின் விதை 20 பொன். நான்கு நாளில் விளைந்து 35 பொன்னுக்கு விலைபோகும். ஆதாயம் 15 பொன். ஒருமுறை கொத்த 2, நான்கு நாள் நீர் ஊற்ற 8, ஆகத் தெம்பு 10 புள்ளி. உருளைக்கிழங்கு விதை 50 பொன். ஆறு நாளில் விளைந்து 80 பொன்னுக்கு விற்கும். ஆதாயம் 30 பொன். தெம்பு 14 புள்ளி. ஒரு புள்ளித் தெம்புக்குப் பார்ஸ்னிப் ஒன்றரைப் பொன் தருகிறது; உருளையோ இரண்டு பொன்னுக்கும் சற்று மேலாகத் தருகிறது.

அப்படியானால் உருளையே சிறந்தது என்று முடிவுகட்டிவிடலாமா? பொறுங்கள். 500 பொன்னுக்குப் பத்து உருளை விதைதான் கிடைக்கும். பார்ஸ்னிப் என்றால் இருபத்தைந்து. பத்து உருளையின் ஆதாயம் ஆறு நாளில் 300 பொன். இருபத்தைந்து பார்ஸ்னிப்பின் ஆதாயம் நான்கே நாளில் 375 பொன். முதல் வாரத்தில் உங்களைக் கட்டிவைத்திருப்பது தெம்பின் குறைவன்று, பணத்தின் குறைவு. பணம் பெருகி வயல் விரிந்தபின்பே தெம்பு தட்டுப்பாடாகும். அப்போதுதான் உருளையின் கணக்கு வெல்லும். எது குறைவாக இருக்கிறது என்று பாராமல் எதைச் சேமிப்பது என்று கேட்பது பயனற்றது. இவ்விளையாட்டில் புதியவர்கள் மிகுதியும் இடறுவது இங்கேதான் என்பது என் கருத்து.

மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விளையாட்டின் முதல் வசந்தத்தில் மூன்றாம் நாள் மழை பெய்யும். அன்று பூவாளிக்கு வேலையில்லை. தொலைக்காட்சிப் பெட்டி மறுநாள் வானிலையை முன்கூட்டியே அறிவிக்கும். மரம் வெட்டுதலை மழை நாளுக்குத் தள்ளிவைப்பவர், நீர் ஊற்றும் தெம்பை அப்படியே கோடாரிக்கு மாற்றிக்கொள்கிறார்.

உணவு தெம்பை மீட்கும். ஆனால் எதை உண்பது, எதை விற்பது? வசந்தத்தில் 15-ஆம் நாள் முதல் 18-ஆம் நாள் வரை புதர்களில் 'சால்மன்பெர்ரி' என்னும் பழம் காய்த்துக் குலுங்கும். அதன் விலை 5 பொன். தருவதோ 25 புள்ளி. காட்டில் கிடைக்கும் குதிரைமுள்ளங்கிக்கு விலை 50 பொன். தருவது 13 புள்ளி மட்டுமே. முன்னதைப் பையில் சேர்த்து உண்க. பின்னதைக் கடையில் விற்க. உறக்கத்திற்கும் விதியுண்டு. நள்ளிரவுக்குப் பின் படுத்தால் தெம்பு முழுமையாகத் திரும்பாது. இரண்டு மணி வரை விழித்திருந்தால் பாத்திரம் மயங்கி விழும். திரையில் உள்ளவரை நேரத்தோடு படுக்கவைத்துவிட்டு, அவரை ஆட்டுவிப்பவர் நள்ளிரவு வரை விழித்திருப்பது வேடிக்கையே.

இதுவரை கண்டது விளையாட்டுக்குள் ஓடும் கடிகாரம். நம் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தோடு பிணைந்த தெம்பும் ஒன்று உண்டு. அது வேறு வகை. 2020-இல் வெளிவந்த 'கென்ஷின் இம்பாக்ட்' என்னும் சீன நாட்டு விளையாட்டில் பரிசுகளைப் பெறப் 'பிசின்' என்னும் பொருளைச் செலவிட வேண்டும். எட்டு நிமிடத்திற்கு ஒன்று வீதம் அது தானாக ஊறும். கொள்ளளவு நிறைந்தால் ஊற்று நின்றுவிடும். நிறைந்துவிடுமே என்னும் பதைப்புதான் வகுப்பு நடுவிலும் கைபேசியை நினைக்கவைக்கிறது. காத்திருக்க மனமில்லாதவர் பணம் கொடுத்தும் நிரப்பிக்கொள்ளலாம். முன்னைய விளையாட்டை ஒருமுறை வாங்கினால் போதும். அங்கே தெம்புக்கு விலை கிடையாது. இங்கே காத்திருத்தலே விற்பனைப் பொருள்.

கணக்கு இங்கும் கைகொடுக்கும். ஒரு நாளுக்கு 1,440 நிமிடம். எட்டால் வகுத்தால் 180 பிசின். கொள்ளளவு தொடக்கத்தில் 120, பின்னர் 160. அந்நாளில் தினமும் ஒருமுறை மட்டும் ஆடியவர்க்கு 20 பிசினாவது வீணாயிற்று. 2024 ஜூன் முதல் கொள்ளளவு 200. ஆகவே நாள்தோறும் ஒரே வேளையில், எடுத்துக்காட்டாக வீட்டுப்பாடம் முடிந்த மாலை ஏழு மணிக்கு, ஒருமுறை திறந்து செலவிட்டால் ஒரு துளியும் வீணாகாது. இடையில் ஐந்துமுறை எட்டிப்பார்ப்பதால் கூடுதலாக எதுவும் ஊறப்போவதில்லை. தொடக்க நிலையில் பரிசுகளும் சிறியவை. பாத்திரங்களின் நிலையை உயர்த்தும் பொருள்களுக்குப் பிசினை அளித்துவிட்டு, அரிய அணிகலன்களுக்கான தேடலைப் பின்னுக்குத் தள்ளுவதே புதியவர்க்குச் சிக்கனம். பணம் கேட்கும் பொத்தானை அப்பா அம்மாவைக் கேளாமல் தொடவேண்டாம்.

சொற்பொருள்

தெம்பு – உடல்வலு, ஊக்கம்
பூவாளி – செடிகளுக்கு நீர் தெளிக்கும் துளைவாய்க் கலம்
ஆதாயம் – செலவு போக மிஞ்சும் வரவு
பதைப்பு – மனத்துடிப்பு, பரபரப்பு

பயிற்சி

1. நாற்பது கட்டங்களைக் கொத்தி, அன்றே நீர் ஊற்றினால் 270 புள்ளியில் எவ்வளவு மிஞ்சும்? மிஞ்சியதில் தூண்டிலை எத்தனை முறை வீசலாம்?
2. பார்ஸ்னிப், உருளை ஆகிய இரண்டில் எதனை எப்போது விதைப்பது தக்கது? காரணத்துடன் ஐந்து வரிகளில் எழுதுக.
3. பிசினின் கொள்ளளவு 160-ஆக இருந்தபோது முழுமையாக நிறைய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?
4. 'தெம்பு' என்னும் சொல்லை உங்கள் வீட்டுப் பெரியோர் எவ்வெவ்விடங்களில் வழங்குகின்றனர் எனக் கேட்டு, மூன்று தொடர்களை எழுதி வருக.
5. நீங்கள் அறிந்த வேறொரு விளையாட்டை எடுத்துக்கொண்டு, அதில் காத்திருத்தல் விற்கப்படுகிறதா எனக் கண்டு வகுப்பில் கலந்துரையாடுக.