யுத்த காலத்தில் மாதர் நலம்

யுத்தம் என்றதும் களத்தில் மடிந்த ஆடவரையே நினைக்கிறோம். பின்தங்கிய பெண்டிரை நினைப்போர் சிலரே. அவர்களுக்கு வேண்டுவது என்ன, அதில் வர்த்தகர்களாகிய நம் கடமை என்ன என்பதே இப்பாடம்.

இது தூரதேசத்துச் செய்தி அன்று. கேரித் தீவும் கிள்ளானும் அடங்கிய சிலாங்கூரிலும் ஏனைய மாநிலங்களிலும் இருந்த தோட்டத் தொழிலாளரை, 1942-43இல் ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோயினர். மலாயாவிலிருந்து சென்றோர் 70,000க்கு மேல், பெரும்பாலோர் தமிழர். காலராவும் மலேரியாவும் பசியும் பல்லாயிரவரை மாய்த்தன. சில பெண்களும் பிள்ளைகளும்கூட உடன் சென்றனர். தோட்டத்தில் தங்கிய தாய்மாரோ, அரிசியும் மருந்தும் கிட்டாமல் மரவள்ளிக் கிழங்கை உண்டு காலந்தள்ளினர். யுத்தம் ஓய்ந்தபோது விதவைகளும் அநாதைகளுமே மிஞ்சிய வீடுகள் பல.

அந்த யுத்தத்தின் பின்னரே, 1949 ஆகஸ்டு 12ஆம் நாள், பொதுமக்களைக் காக்கும் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை ஏற்பட்டது. அதன் 16ஆம் விதி கர்ப்பிணிகளுக்கு விசேஷப் பாதுகாப்பு அளிக்கிறது. 18ஆம் விதி ஆஸ்பத்திரிகளைத் தாக்குவதைத் தடுக்கிறது. 27ஆம் விதி பெண்களைப் பலாத்காரத்திலிருந்தும் மானபங்கத்திலிருந்தும் காக்கச் சொல்கிறது. மலாயா 1962இல் இதனை ஏற்றது.

சட்டம் ஏட்டில் இருக்கிறது. உதவி கைக்குச் சேர வேண்டும். உதவி என்றால் நாம் அரிசி மூட்டையோடு நின்றுவிடுகிறோம். அது போதாது.

முதலாவது, பிரசவம். யுத்தம் நடந்தாலும் பிள்ளைப்பேறு காத்திராது. சவர்க்காரம், பிளாஸ்டிக் விரிப்பு, புதிய பிளேடு, தொப்புள்கொடி கட்டச் சுத்தமான நூல், கையுறை, குழந்தையைத் துடைக்கத் துணி: இவை அடங்கிய சிறு பொட்டலம் தாயையும் சேயையும் கிருமியிலிருந்து காக்கும். இவற்றில் பெரும்பாலானவை நம் கடைத் தட்டிலேயே உள்ளவை அல்லவா?

இரண்டாவது, மாதவிலக்குத் துணி. கேட்க நாணுவார்கள், கேளாமலே கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, பலாத்காரத்துக்கு ஆளானவளுக்குச் சிகிச்சை. சில மருந்துகள் 3 நாளுக்குள் கொடுத்தால்தான் பயன் தரும். அவளைக் குற்றஞ்சொல்லாமல், இரகசியம் காத்து, கூடுமானால் பெண் மருத்துவரிடம் சேர்ப்பதே முறை.

நான்காவது, முகாமின் அமைப்பு. கழிப்பிடத்துக்கு உள்தாழ்ப்பாளும் வழியில் விளக்கும் வேண்டும். உதவிப் பொருளைப் பகலில், பெண்களின் கையிலேயே கொடுக்க வேண்டும்.

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே மியன்மாரிலிருந்து வந்த அகதித் தாய்மார் வாழ்கின்றனர். ஐக்கிய நாட்டு அகதி அட்டை உடையோருக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் அந்நியருக்குரிய கட்டணத்தில் பாதி குறையும். மீதியைக் கட்டவும் பலருக்கு வகையில்லை. பிடிபடுவோமோ என்ற அச்சம் வேறு. அட்டை இல்லாதவர் நிலை இன்னும் கடினம்.

வர்த்தகச் சகோதரர்களே! அடுத்த முறை நிவாரண மூட்டை கட்டும்போது உங்கள் வீட்டுப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: “இதில் என்ன குறைகிறது?” அவர்கள் சொல்வதையும் சேர்த்துக் கட்டுங்கள்.