சரிவு நிலத்தில் ஓடும் நீரும் மண் அரிமானமும்

காங்கேயம் வட்டாரத்து மேட்டாங்காடுகள் பெரும்பாலும் சரளை கலந்த செம்மண் பூமிகளாகும். சிவன்மலை, ஊதியூர் மலை ஆகியவற்றின் அடிவாரங்களிலும், ஓடைகளை நோக்கி இறங்கும் காடுகளிலும் மேல்மண்ணின் கனம் மிகவும் குறைவு. இங்கு ஆண்டு மழை 30 அங்குலத்துக்கும் உட்பட்டதே. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில நாட்களுக்குள் கொட்டிவிடுகிறது. ஆதலால், மழை குறைந்த சீமையில் மண் அரிமானம் ஏது என்று எண்ணுதல் தவறாகும். வெறும் நிலத்தின்மேல் பெய்யும் ஒரு கனமழையே அநேக ஆண்டுகளின் உழைப்பை வாரிக்கொண்டு போக வல்லது.

அரிமானம் நிகழும் விதம்

ஓர் ஏக்கரில் ஓர் அங்குல மழை பெய்தால் விழும் நீரின் எடை 100 டன்னுக்கு மேலாகும். பெருந்துளிகள் விநாடிக்குச் சுமார் 30 அடி வேகத்தில் தரையைத் தாக்குகின்றன. இதனால் மண்கட்டிகள் உடைந்து தூளாகி, மண்ணின் நுண்துவாரங்களை அடைத்துவிடுகின்றன. நீர் உள்ளே இறங்க வழியின்றி மேலே ஓடத் தொடங்குகிறது.

முதலில் அது மெல்லிய படலமாகப் பரவியோடி, வண்டலையும் மக்கிய எருவையும் கொண்டு செல்லும். இது எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. பின்னர் நீர் தாழ்ந்த இடங்களில் கூடிச் சிறு சால்களைக் கீறும். இவற்றைக் கவனியாது விட்டால் ஓடைகளாகும். ஓடையின் தலைப்பு மழைக்கு மழை மேட்டை நோக்கி இடிந்து ஏற, ஏர் கடக்க இயலாதபடி நிலம் துண்டுபடும்.

வேகமே காரணம்

நீரின் வேகம் இருமடங்கானால் அதன் அரிக்கும் வலிமை 4 மடங்காகிறது. உருட்டக்கூடிய கல்லின் எடையோ கணக்குப்படி 64 மடங்காகிறது. சரிவு செங்குத்தாகுந்தோறும் வேகம் கூடும்; சரிவு நீளுந்தோறும் சேரும் நீரின் அளவும் கூடும். எனவே அரிமானத்தைத் தடுப்பதென்பது நீரின் வேகத்தைத் தடுப்பதேயாகும். அதுவும் நீர் திரண்டு பலம் பெறுமுன், மேட்டிலேயே தடுத்தல் வேண்டும்.

ஓர் ஏக்கரில் ஓர் அங்குல மேல்மண் ஏறக்குறைய 140 டன் எடையுள்ளது. பாறை சிதைந்து இவ்வளவு மண் உண்டாகப் பல நூற்றாண்டுகள் செல்லும்.

கொறங்காடு கற்பிக்கும் பாடம்

கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப்புல் ஆகிய மூன்றும் அமைந்த கொறங்காடு காங்கேயம் மாடுகளின் மேய்ச்சலுக்கு மட்டுமன்றி மண்ணுக்கும் காப்பாகும். புல்லின் தாள் மழைத்துளியின் அடியைத் தாங்குகிறது. தூர்கள் ஓட்டத்தைத் தடுக்கின்றன. வேர்கள் மண்ணைப் பிணிக்கின்றன. ஆயினும் அளவுக்கு மேல் மேய்த்துப் புல் அற்றுப்போன கொறங்காடு வெறும் நிலத்துக்கு ஒப்பானதே. காடுகளை மாற்றி மாற்றி மேய்த்து, புல் தழைக்க அவகாசம் தருதல் அவசியம்.

செய்யவேண்டுவன

1. உழவும் விதைப்பும் சரிவுக்குக் குறுக்கே நடைபெறல் வேண்டும். அப்பொழுது ஒவ்வொரு சாலும் ஒரு சிறு வரப்பாகி நீரை நிறுத்தும். மேலிருந்து கீழாக உழுத சாலோ நீருக்கு வாய்க்காலாகும்.

2. நூறு அடிக்கு 6 அடி வரை இறங்கும் நிலங்களில் சமமட்ட வரப்புகள் போடலாம். சம உயரமுள்ள இரு கழிகளுக்கிடையே கயிறு கட்டி, நடுவில் ரசமட்டம் தொங்கவிட்டு மட்டம் குறித்துக்கொள்ளலாம். மிகுந்த நீர் வெளியேறக் கல் பாவிய வழி விடுதல் வேண்டும். இல்லையேல் வரப்பு உடைந்து முன்னிலும் பெருங்கேடு விளையும்.

3. நூறு அடிக்கு 16 முதல் 33 அடி வரை இறங்கும் மலைச்சரிவுகளில் படிப்படியாகத் தளம் வெட்டியே பயிரிடல் வேண்டும். அதற்கும் மேற்பட்ட சரிவுகளில் ஏர் பூட்டலாகாது. அவை மரத்துக்கும் புல்லுக்கும் உரியவை. செங்குத்தான சரிவுகளில் உருளைக்கிழங்கு பயிராகும் நீலகிரியில் இப்பிரச்சினை பெரிது. அங்கு உதகமண்டலத்தில் மண் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் 1954இல் நிறுவப்பட்டது.

4. ஓடை கண்ட இடத்தில் முதலில் தலைப்புக்கு மேலே நீரைத் திருப்பிவிட்டு, பின் மேலிருந்து கீழாகச் சிறு கல் தடுப்புகளை வரிசையாக அமைத்தல் வேண்டும். அடியில் ஒரே பெரிய தடுப்புக் கட்டுவதினும் இது சிக்கனமும் உறுதியும் உடையது.

கிராம அலுவலர்களுக்கு

நீர் நில எல்லையை அறியாது. மேற்காட்டுக்காரர் ஒதுக்கும் நீர் கீழ்க்காட்டை அரிக்கும்; இட்டேரியில் விட்டால் வழியே ஓடையாகும். ஆகையால் ஒரு சரிவிலுள்ள நிலக்காரர் அனைவரையும் கூட்டி, வரப்புகளையும் நீர்ப்போக்கையும் ஒருமிக்க அமைக்கச் செய்தல் கிராம அலுவலர்களின் நற்பணியாகும். ஒவ்வொரு குடியானவரும் ஆவணிக்குள் தம் காட்டைச் சுற்றிப் பார்த்து, சென்ற மழையில் கீறிய சால்களை மேட்டிலிருந்தே அடைக்கத் தொடங்குவாராக. ஐப்பசி மழை வந்தபின் செய்யத்தக்கது சொற்பமே.