லெகோ மாதிரிகளைப் பாதுகாப்போம்

பல வாரங்கள் உழைத்துக் கட்டிய லெகோ மாதிரியை அலமாரியில் வைத்தால், சில நாள்களிலேயே அதன்மீது தூசி படிகிறது. இக்கட்டைகள் ஏபிஎஸ் என்னும் நெகிழியால் ஆனவை. உலர்ந்த துணியால் தேய்த்தால் நெகிழியில் நிலைமின்னூட்டம் உண்டாகும். அது மேலும் தூசியை ஈர்க்கும். குமிழ்களின் இடுக்கிலும் துணி நுழையாது. ஆகவே, மென்மையான தூரிகையால் வாரம் ஒருமுறை மேலிருந்து கீழாகத் தூசியை அகற்ற வேண்டும்.

அழுக்கேறிய கட்டைகளைப் பிரித்து, மென்மையான சவர்க்காரம் கலந்த நீரில் கையால் கழுவலாம். நீரின் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது. சூடு மிகுந்தால் கட்டைகள் வளைந்து, மீண்டும் இறுகப் பொருந்தாமல் போகலாம். ஒட்டுவில்லை ஒட்டிய கட்டைகளையும் மின்பாகங்களையும் நனைக்கக்கூடாது. கழுவியவற்றை நிழலில் உலர்த்த வேண்டும். தொடர்ந்து வெயில் பட்டால் வெள்ளைக் கட்டைகள் மஞ்சளாகிவிடும்.

மாதிரியைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்தால் இவ்வேலை பெரிதும் குறையும். வருமுன் காப்பதே சிறந்தது.