குட்டை இழுவைக்கு ஏற்ற மர அம்பு

வில்லின் மேல் ‘40 பவுண்டு, 28 அங்குலம்’ என்று எழுதியிருந்தால், அந்த 40 பவுண்டு 28 அங்குலம் இழுப்பவருக்குத்தான். 25 அங்குலத்தோடு இழுப்பு முடிகிறவருக்கு அந்த விசை கிடைப்பதில்லை. அந்தப் பகுதியில் அங்குலத்துக்கு இரண்டு, மூன்று பவுண்டு குறையும் என்று வைத்தால் அவர் கையில் இருப்பது 32 அல்லது 33 பவுண்டு வில். கடையில் 40 பவுண்டு வில்லுக்கு என்று தரும் மர அம்பு அவருக்கு விறைப்பாகவே இருக்கும். அது பிழையில் பாதிதான். மீதி, அம்பை எங்கே வெட்டுகிறோம் என்பதில் இருக்கிறது.

மரத்தண்டின் ஸ்பைனை, அதாவது அதன் விறைப்பை, அளக்க அதை 26 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகள் மேல் கிடத்தி, நடுவில் இரண்டு பவுண்டு எடையைத் தொங்கவிடுகிறார்கள். 26ஐ வளைவின் அங்குலத்தால் வகுத்தால் பவுண்டுக் கணக்கு வரும். அரை அங்குலம் வளைந்தால் 52. அந்த எண் ஏறத்தாழ 28 அங்குல அம்பை மனத்தில் கொண்டது. தண்டின் விறைப்போ நீளத்தின் மும்மடிக்கு எதிராக மாறுகிறது. 28ஐ 26 ஆக வெட்டினாலே விறைப்பு கால் பங்கு கூடிவிடும். ஆக, இந்த 32 பவுண்டு வில்லாளருக்கு 26 அங்குல அம்பு வேண்டுமானால் 26 பவுண்டு ஸ்பைன் தேவை. அவ்வளவு மென்மையான சிடார் தண்டு எளிதில் கிடைக்காது. அதே வில்லாளரின் அம்பை 29 அங்குலத்தில் விட்டால் 35 பவுண்டு ஸ்பைன் போதும். அது சாதாரணமாக விற்பனையில் இருப்பது. எனவே குட்டை இழுவைக்காரருக்கு என் முதல் ஆலோசனை: இழுவை குட்டை என்பதற்காக அம்பைக் குட்டையாக்காதீர்கள்.

நீளமான அம்பு கனமாகும், வேகம் குறையும் என்பார்கள். உண்மைதான். ஆனால் மூன்று அங்குல சிடார் தண்டின் எடை ஏறத்தாழ 30 கிரெயின்தான், அதனால் குறையும் வேகமும் சொற்பம். விறைத்த அம்பு பக்கவாட்டில் ஆடியபடி போய், நேராக வர முயலும் சிறகுகளில் ஆற்றலைச் செலவிடுவது இதைவிடப் பெரிய இழப்பு என்பது என் கணிப்பு. இன்னொரு ஆட்சேபத்தில் பலம் அதிகம்: நடுவரை வெட்டப்பட்ட பிடியுள்ள விற்கள் விறைப்பான அம்பையும் பொறுத்துக்கொள்ளும் என்பது. அந்த விற்களுக்கு அது ஓரளவு சரி. ஆங்கில நீள்வில்லில் அம்பு வில்லின் பக்கத்தை ஒட்டி, அதைச் சுற்றி வளைந்துதான் வெளியேற வேண்டும். 1930களில் இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் எடுத்த அதிவேகப் படங்கள் அந்த வளைவைக் கண்ணுக்குக் காட்டின. அங்கே விறைப்புக்கு மன்னிப்பு இல்லை.

முனையைக் கனமாக்கினால் போதாதா? உதவும். 100 கிரெயினுக்குப் பதில் 125 வைத்தால் அம்பு சற்று நெகிழ்ந்து நடந்துகொள்ளும். ஆனால் பவுண்டு குறைந்த வில்லில் மேன்மேலும் கனம் ஏற்றினால் பாதை வளைந்து தாழும். அதனால் முனையைக் கடைசித் திருத்தமாக வைத்துக்கொள்வதே நல்லது.

இழுவையைக் கைவிரிப்பை வைத்து ஊகிக்காமல், வில்லை முழுதாக இழுத்து நிற்கும்போது இன்னொருவர் அளக்கட்டும். அதே நிலையில் தராசு கொண்டு பவுண்டையும் பாருங்கள். டஜனாக வாங்கும் முன் இரண்டு மூன்று ஸ்பைன்களில் ஒன்றிரண்டு தண்டுகளை வாங்கி, சிறகில்லாமல் கிட்டத்திலிருந்து எய்து பாருங்கள். வலக்கை வில்லாளரின் சிறகில்லா அம்பு இடப்பக்கம் விழுந்தால் விறைப்பு அதிகம், வலப்பக்கம் விழுந்தால் நெகிழ்வு அதிகம். நெகிழ்வானதைக் கால் அங்குலம் கால் அங்குலமாக வெட்டிச் சரிசெய்யலாம். வெட்டிய பின் விறைத்துப்போனதை நீட்ட முடியாது.